வெறுப்புப் பேச்சு யாரை மாற்றுகிறது?

1993 ஜூலையில் ருவாண்டாவில் ஒரு புதிய வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. சுருக்கமாக ஆர்.டி.எல்.எம். என்பார்கள். அரசு வானொலியின் விறைப்பு அதில் கிடையாது. காங்கோ பாட்டுகள், தெருவில் பேசுவது போன்ற கின்யருவாண்டா மொழி, நையாண்டி என்று ஜாலியாக ஓடியது. இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். அது குறிவைத்த சிறுபான்மை இனமான டுட்ஸி மக்களிலேயே பலர் கேட்டார்கள். பாட்டுக்கும் கிண்டலுக்கும் நடுவே டுட்ஸிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்வது சாதாரணமாகிப் போனது. 1994 ஏப்ரல் 6 அன்று அதிபர் ஹப்யாரிமானா பயணித்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும், அதே உற்சாகக் குரல்கள் ஆட்களின் பெயர்களையும் அவர்கள் ஒளிந்திருக்கும் இடங்களையும் வாசிக்க ஆரம்பித்தன. ஏறக்குறைய 100 நாட்களில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 8 லட்சம் பேர்.

வெறுப்புப் பேச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எப்படியோ இந்த வானொலியிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வானொலி சொன்னது, மக்கள் வெட்டினார்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் கதைதான் ஆராய்ந்து பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை.

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஸ்காட் ஸ்ட்ராஸ், சிறையில் இருந்த கொலையாளிகள் சுமார் 200 பேரைச் சந்தித்துப் பேசினார். வானொலியைக் கேட்டுத்தான் கிளம்பினோம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. ஊர்க்காரர்கள் நேரில் வந்து கூப்பிட்டார்கள், உள்ளூர் அதிகாரி வந்து நின்றார், போகாவிட்டால் நம்மையே துரோகி என்பார்கள் என்று பயந்தோம், இப்படித்தான் பெரும்பாலோர் சொன்னார்கள். பொருளாதார ஆய்வாளர் டேவிட் யனாகிசாவா-ட்ராட் வேறு வழியில் போனார். ருவாண்டா மலைநாடு. மலை மறைத்த கிராமங்களில் அந்த அலைவரிசை எடுக்காது, மற்ற கிராமங்களில் எடுக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, நடந்த வன்முறையில் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு வானொலி காரணம் என்று 2014-ல் வெளியான ஆய்வில் கணக்கிட்டார். அந்த 10 சதவீதமும் பல ஆயிரம் கொலையாளிகள். அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது: ஒரு கிராமத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வானொலி எடுத்தால், அந்தக் கிராமத்திலும் கும்பல் வன்முறை கூடியிருந்தது. அதாவது, பேச்சைக் கேட்டவனோடு அதன் விளைவு நிற்கவில்லை. கேட்டவர்களைப் பார்த்தவர்களையும் அது இழுத்தது.

பத்தாண்டுகள் கழித்து, அதே நாட்டில் இதைத் தலைகீழாகச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. சமரசத்தை வளர்ப்பதற்காக 2004-ல் ஒரு வானொலித் தொடர்நாடகம் தொடங்கியது. பகைகொண்ட இரண்டு கிராமங்களின் கதை. உளவியல் ஆய்வாளர் எலிசபெத் லெவி பாலக், சில ஊர்களில் இந்த நாடகத்தையும் வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய இன்னொரு நாடகத்தையும் ஓர் ஆண்டு முழுக்கக் கேட்கவைத்தார். சமரச நாடகத்தைக் கேட்டவர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. கலப்புத் திருமணத்தைப் பற்றி முன்பு என்ன நினைத்தார்களோ, கிட்டத்தட்ட அதையேதான் நாடகம் கேட்ட பிறகும் நினைத்தார்கள். மாறியது வேறு: நம் ஊரில் எது செல்லும், எதைச் சொன்னால் மற்றவர்கள் ஏற்பார்கள் என்ற கணிப்பு. கூட்டத்தில் கருத்து வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சலும் கூடியிருந்தது.

இந்த ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வெறுப்புப் பேச்சு மனிதர்களின் மனதில் புதிதாக நஞ்சை ஊற்றுகிறது என்றுதான் நாம் பேசிவருகிறோம். அதுவும் நடக்கலாம். ஆனால் அதன் முக்கியமான வேலை, ஏற்கெனவே மனதில் கிடப்பதை வெளியே எடுத்துப் பேசலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தைத் தருவது. கூடவே, அதை வெறுக்கிறவர்களுக்கு 'நாம் மட்டும்தான் இப்படி நினைக்கிறோம் போல' என்ற தனிமையையும் தருகிறது.

2016 அமெரிக்கத் தேர்தலையொட்டி லியோனார்டோ பர்ஸ்டின் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. டிரம்ப் வெல்வது உறுதி என்றிருந்த மாநிலங்களில் ஆட்களைப் பிடித்து, குடியேறிகளை எதிர்க்கும் ஓர் அமைப்புக்கு உங்கள் சார்பில் நன்கொடை தரலாமா என்று கேட்டார்கள். ரகசியமாகக் கேட்டபோது சரி என்றவர்கள் அதிகம். உங்கள் பதில் பிறருக்குத் தெரியவரலாம் என்று சொன்னதும் எண்ணிக்கை சரிந்தது. வெட்கம் தடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் சிலரிடம் மட்டும், உங்கள் மாநிலத்தில் டிரம்ப் வெல்வது நூறு சதவீதம் உறுதி என்ற தகவலைச் சொல்லிவிட்டுக் கேட்டார்கள். ரகசியத்துக்கும் பகிரங்கத்துக்கும் இருந்த இடைவெளி காணாமல் போனது. தேர்தல் முடிந்த பிறகு, அந்தத் தகவலைச் சொல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. ரகசியமாகச் சரி என்றவர்களின் விகிதம் ஏறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடியேறிகளை வெறுப்பவர்கள் புதிதாக உருவாகவில்லை. இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின் வானொலிப் பிரசாரம் எங்கே எடுபட்டது என்று பார்த்தவர்கள், பழைய காலத்திலிருந்தே யூத எதிர்ப்பு வேரூன்றியிருந்த ஊர்களில் அது நன்றாக வேலை செய்ததையும், அப்படி இல்லாத ஊர்களில் எதிர்விளைவையே உண்டாக்கியதையும் கண்டார்கள். ஆக, எந்தப் பேச்சாலும் எந்த ஊரையும் கவிழ்த்துவிடலாம் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் பழைய காயம் உள்ள ஊர்களில் அலட்சியமாக இருக்கவும் முடியாது.

சரி, சமூகம் இரண்டு எதிரெதிர் முகாம்களாகப் பிரியும் துருவப்படுதல் இதில் எங்கே வருகிறது? இரண்டு கட்சிக்காரர்கள் வரி விகிதத்தைப் பற்றி ஒத்துப்போகாமல் சண்டை போடுவது துருவப்படுதல் ஆகாது, அது சாதாரண அரசியல். எதிர்க்கட்சிக்காரனின் கொள்கை என்னவென்றே தெரியாமல் அவன்மீது அருவருப்பு வருவதுதான் இப்போது ஆய்வாளர்கள் கவலைப்படும் வகை. உணர்வுத் துருவப்படுதல் என்று சொல்லலாம். அரசியல் ஆய்வாளர் ஷாந்தோ ஐயங்கார் குழுவினர் 2012-ல் எடுத்துக்காட்டிய ஒரு ஒப்பீடு பிரபலம். உங்கள் பிள்ளை எதிர்க்கட்சி ஆதரவாளரைத் திருமணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா என்று 1960-ல் அமெரிக்கர்களைக் கேட்டபோது, இரு கட்சியிலும் ஆமாம் என்றவர்கள் சுமார் 5 சதவீதம்தான். 2010-ல் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினரும் ஆமாம் என்றார்கள்.

இந்த அருவருப்புக்குப் பெரிய காரணம்கூடத் தேவையில்லை. 1970-களின் தொடக்கத்தில் சமூக உளவியல் ஆய்வாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பிரிஸ்டலில் பள்ளிச் சிறுவர்களை அற்பமான அடையாளங்களை வைத்து இரண்டு அணியாகப் பிரித்தார். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்பது ஒரு அடையாளம். தன் அணியில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் பணத்தைப் பங்கிடும் பொறுப்பைக் கொடுத்தபோது, தன் அணிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, எதிர் அணியைவிட முந்தி நிற்க வேண்டும் என்று பங்கிட்டார்கள். ஓவிய ரசனைக்கே இந்த நிலை என்றால், மதம், இனம், மொழி, பழைய படுகொலை நினைவுகள் எல்லாம் கலக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஊடகங்கள் இந்த இடத்தில்தான் காசு பார்க்கின்றன. ஸ்டீவ் ராத்ஜே உள்ளிட்டோர் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்புக், ட்விட்டர் பதிவுகளில் எதிர்த்தரப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல் கூடும்போதும் அது பகிரப்படும் வாய்ப்பு 67 சதவீதம் உயர்வதாகக் கண்டார்கள். சொந்தத் தரப்பைப் புகழ்ந்து எழுதினால் அவ்வளவு ஓடாது. எதிரியைத் திட்டினால் ஓடும். ஃபேஸ்புக் 2017-ல் பதிவுகளை வரிசைப்படுத்தும்போது, கோபம் உள்ளிட்ட முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தது. கோபத்தை அதிகம் ஈர்க்கும் பதிவுகளில் பொய்யும் நச்சுத்தன்மையும் அதிகம் என்று நிறுவனத்தின் சொந்த ஊழியர்களே எச்சரித்தார்கள். கோபக்குறியின் மதிப்பு சுழியமாக்கப்பட்டது 2020-ல்தான். அதற்குள் எத்தனை தேர்தல்கள் வந்துபோயின!

தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். எதிரெதிர்த் துருவத்தில் இருக்கும் இருவரை உட்காரவைத்துக் கத்தவிடுவது, நிருபரை அனுப்பிச் செய்தி சேகரிப்பதைவிட மலிவு. இந்த மலிவுக் கணக்கு சமூக ஊடகத்துக்கு ரொம்ப முன்பே இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் பாதிரியார் சார்லஸ் காக்ளின் வானொலியில் யூதர்களைப் பழித்தபோது அவருக்கு லட்சக்கணக்கான நேயர்கள் இருந்தார்கள்.

அதனால் எல்லாப் பழியையும் பதிவுகளை வரிசைப்படுத்தும் அல்காரிதத்தின் தலையில் போட எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்காவில் துருவப்படுதல் வேகமாக வளர்ந்தது இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்திய முதியவர்களிடம்தான் என்று லெவி பாக்செல் உள்ளிட்டோர் 2017-ல் காட்டினார்கள். 2020 தேர்தல் சமயத்தில் ஆயிரக்கணக்கானோரின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை நிறுவனத்தின் வரிசைக்குப் பதிலாக வெறும் நேர வரிசையில் மூன்று மாதம் காட்டிப் பார்த்தார்கள். அவர்களின் அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. (அந்த நேரத்தில் நிறுவனம் அவசர நடவடிக்கையாக வேறு மாற்றங்களையும் செய்திருந்தது, அதனால் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற விமர்சனமும் உண்டு.) போஸ்னியாவில் நடந்தது இன்னும் வினோதம். 1995-ல் போஸ்னிய முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையின் நினைவு நாளையொட்டி 2019-ல் சிலரை ஃபேஸ்புக்கை மூடிவைக்கச் சொன்னார்கள். மூடியவர்களுக்கு மற்ற இனத்தவர்மீது மதிப்பு கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? குறைந்தது. ஒரே இனத்தவர் மட்டும் வாழும் ஊர்களில் இது அதிகமாகத் தெரிந்தது. அங்கே, மற்ற இனத்து மனிதர்களைச் சந்திக்க இருந்த ஒரே இடம் இணையம்தான் போலும்.

அல்காரிதம் வெறுப்பை உற்பத்தி செய்கிறதா என்ற கேள்வியைவிட, அது யாருடைய குரலைக் கூட்டத்தின் குரலாகக் காட்டுகிறது என்ற கேள்வி பயனுள்ளது. டென்மார்க் ஆய்வாளர்கள் அலெக்சாண்டர் போர், மிக்கேல் பாங் பீட்டர்சன் இருவரும் ஒரு பொதுவான நம்பிக்கையைச் சோதித்தார்கள்: நேரில் சாதுவாக இருப்பவர்கள் இணையத்தில் முரடர்களாக மாறுகிறார்களா? பெரும்பாலும் இல்லை. இணையத்தில் ஏசுகிறவர்கள் நேரிலும் ஏசுகிறவர்கள்தான். வித்தியாசம், நேரில் அவர்கள் நாலு பேர் காதில் மட்டும் விழுவார்கள், இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படுவார்கள். மிகச் சிலர் மிக அதிகமாக எழுதுகிறார்கள். அதைக் கண்டு கொதிப்பவர்கள் 'பாருங்கள் இந்த அயோக்கியத்தனத்தை' என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பரப்புகிறார்கள். பத்துப் பேர் பார்த்திருக்கவேண்டிய ஒன்று பத்தாயிரம் பேரைச் சேர்கிறது, அதுவும் எதிராளிகளின் கைவண்ணத்தில். பார்க்கிறவருக்கு மிஞ்சும் எண்ணம், 'எதிர்த்தரப்பு முழுக்க இப்படித்தான்'.

எதிர்த்தரப்பைப் பற்றிய இந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் பிசகும் என்பதற்கு டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் இருவரின் 2018 ஆய்வைப் பார்க்கலாம். குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று அமெரிக்கர்களைக் கேட்டார்கள். சராசரி பதில் 38. உண்மையில் 2. அரசியல் செய்திகளை அதிகம் தொடர்பவர்களின் கணிப்பு இன்னும் மோசமாக இருந்தது. செய்தி பார்த்தால் தெளிவு வரும் என்று நம்பும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஜீரணிக்கக் கஷ்டமான முடிவு.

இதெல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மியான்மர் சாட்சி. 2014 வாக்கில் சிம் கார்டு விலை சரிந்து, கோடிக்கணக்கானோர் முதன்முறையாக இணையத்துக்கு வந்தார்கள். பலருக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக். 2015 தொடக்கத்தில் பர்மிய மொழிப் பதிவுகளைச் சரிபார்க்க அந்த நிறுவனத்திடம் இருந்தவர்கள் இரண்டே பேர் என்பது பின்னர் வெளிவந்தது. 2017 ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் வெறுப்புப் பதிவுகள் குறிவைத்த ரோஹிங்கியா முஸ்லிம் சிறுபான்மையினர் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2018-ல் ராணுவத்தோடு தொடர்புடைய பக்கங்களை ஃபேஸ்புக் நீக்கத் தொடங்கியது. அக்டோபரில் நீக்கப்பட்டவற்றை 13.5 லட்சம் பேர் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அவை எப்படிப்பட்ட பக்கங்கள் என்று நினைக்கிறீர்கள்? வெளிப்பார்வைக்குப் பொழுதுபோக்கு, அழகுக்குறிப்பு, பொதுத் தகவல் பக்கங்கள். ருவாண்டா வானொலியின் காங்கோ பாட்டுகளுக்கும் இதற்கும் இடையே 25 ஆண்டு இடைவெளி, உத்தி ஒன்றுதான்.

சட்டம் என்ன செய்கிறது? கடைசிக் கட்டத்தில்தான் வந்து சேர்கிறது. நாஜி வாரப் பத்திரிகையின் ஆசிரியர் யூலியுஸ் ஸ்ட்ரைக்கரை நியூரம்பெர்க் தீர்ப்பாயம் 1946-ல் தூக்கிலிட்டது, போர் முடிந்த பிறகு. ருவாண்டா வானொலியை நிறுவியவர்கள் மீதான வழக்கில் 2003-ல் தீர்ப்பு வந்தது. 2007 மேல்முறையீட்டுத் தீர்ப்பு இன்னும் நுணுக்கமானது. 1994 ஏப்ரல் 6-க்கு முந்தைய ஒலிபரப்புகள் இன வெறுப்பைத் தூண்டியது தெளிவு, ஆனால் இனப்படுகொலையை நேரடியாகத் தூண்டியதாக நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எது செல்லும் என்ற ஊர்க்கணக்கு மாற்றி எழுதப்பட்டது அந்த ஒன்பது மாதங்களில்தான்.

நாட்டுக்கு நாடு அளவுகோலும் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில், உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நிகழும் வாய்ப்பும் இருந்தால்தான் பேச்சைத் தண்டிக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பால் தப்பியவர் வெள்ளையின வெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் தலைவர் ஒருவர். ஜெர்மனி 2017-ல் கொண்டுவந்த சட்டமோ, வெளிப்படையாகச் சட்டவிரோதமான பதிவுகளைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி, தவறினால் 5 கோடி யூரோ வரை அபராதம் என்றது. ஐ.நா. முயற்சியில் 2012-ல் உருவான ரபாத் செயல்திட்டம் ஆறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, என்ன சொன்னார், எவ்வளவு பேரை எட்டியது, ஆபத்து எவ்வளவு அருகில்? எனக்கு இது பிடித்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் உளறுவதையும் அமைச்சர் மேடையில் பேசுவதையும் இது ஒரே தட்டில் வைப்பதில்லை. பல நாடுகளில் நடைமுறை இதற்கு நேர்மாறு: உளறியவர் கைதாவார், அமைச்சர் மறுநாளும் பேசுவார். வெறுப்புப் பேச்சுச் சட்டத்தை விமர்சகர்கள்மீதே ஏவிவிடும் அரசுகளும் குறைவில்லை.

சட்டத்துக்கு வெளியே முயன்றவற்றில் சில பலன் தந்திருக்கின்றன. ரெட்டிட் தளம் 2015-ல் வெறுப்பை வளர்த்த சில குழுக்களை மூடியது. அந்த ஆட்கள் வேறு குழுக்களுக்குப் போய் அதையே செய்வார்கள் என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். கணிசமானோர் தளத்தைவிட்டே போனார்கள். தங்கியவர்களின் வெறுப்புச் சொற்கள் குறைந்தது 80 சதவீதம் சரிந்தன. புதிய இடத்தின் பழக்கத்துக்கு ஏற்ப வாயை அடக்கிக்கொண்டார்கள்.

கெவின் மங்கர் 2017-ல் வெளியிட்ட பரிசோதனையில், ட்விட்டரில் கறுப்பினத்தவரை இழிசொல்லால் தாக்கிய வெள்ளையின ஆண்களை, போலிக் கணக்குகளைக்கொண்டு ஒரே வரியில் கண்டித்தார். கணக்குக்கு உரியவர் கறுப்பரா வெள்ளையரா, பின்தொடர்வோர் அதிகமா குறைவா என்பதை மட்டும் மாற்றினார். நிறையப் பேர் பின்தொடரும் வெள்ளையர் கண்டித்தபோதுதான் இழிசொல் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பாதிக்கப்பட்டவரின் எதிர்ப்பு எடுபடவில்லை என்பது வருத்தமான செய்தி. சொந்தக் கூட்டத்தின் மதிப்புள்ள ஆள் முகம் சுளித்தால் உறைக்கிறது. 2021-ல் சூரிச் ஆய்வாளர்கள், பிற இனத்தவரையும் வெளிநாட்டவரையும் வெறுத்து எழுதிய 1,350 ட்விட்டர் பயனர்களிடம் மூன்று விதமான பதில்களைச் சோதித்தார்கள். கிண்டலடித்ததும் பயனில்லை, 'உங்கள் வீட்டார் இதைப் பார்ப்பார்கள்' என்று எச்சரித்ததும் நிலையான பலன் தரவில்லை. இப்படிப் பேசினால் அந்த மக்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று சொன்ன பதிலுக்குத்தான் கொஞ்சம் பலன் இருந்தது. கொஞ்சம்தான். சிலர் பழைய பதிவுகளை நீக்கினார்கள், அடுத்த நான்கு வாரங்களில் சற்றுக் குறைத்து எழுதினார்கள்.

இவையெல்லாம் வெளியாள் எட்டிப்பார்க்கக்கூடிய தளங்களில் நடந்தவை. இப்போது பேச்சு மூடிய குழுக்களுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளை கடத்தல் வதந்திகளால் இந்தியாவில் அடித்துக்கொலைகள் நடந்த பிறகு, 2018-ல் வாட்ஸ்அப் அங்கே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை சுற்றிய செய்தியை ஒரு முறைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனம் சொன்னது. வேகம் குறைந்தது சரி. ஆனால் குழுவுக்குள் என்ன பேசப்படுகிறது என்பது நிறுவனத்துக்கே தெரியாது, ஆய்வாளரும் நுழைய முடியாது, கண்டிக்க ஒரு வெளியாள் வரப்போவதும் இல்லை. அங்கே மறுத்துப் பேசக்கூடியவர் ஏற்கெனவே குழுவில் இருக்கும் சித்தப்பாவோ பழைய வகுப்புத் தோழியோதான். அவர்களை வெளியேற்ற அட்மினுக்கு ஒரு தட்டு போதும்.